மாப்பிள்ளை வீட்டுக் கம்ப்யூட்டர்

எங்கள் இயற்பியல் துறையில் சிமுலேஷன் மென்பொருளை நிறுவத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, வயிற்றெரிச்சலில் சொல்கிறேன். நிறுவித் தர ஓர் ஆள் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் மற்றவர்கள் கற்றுக்கொள்வதை அன்றோடு நிறுத்திவிடுவார்கள். யார் புது லேப்டாப் வாங்கினாலும் அது முதலில் என் மேசைக்குத்தான் வரும். உறையைக்கூடப் பிரித்திருக்க மாட்டார்கள். "ஒரு அஞ்சு நிமிச வேலதானே" என்று வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போவார்கள். அந்த அஞ்சு நிமிசம் ஒருநாளும் மாலைக்கு முன்னால் முடிந்ததில்லை.

சிமுலேஷன் என்பது ஒன்றும் மாயமில்லை. அணுக்களைக் கூட்டமாகக் கம்ப்யூட்டருக்குள் போட்டு, எது எதை எவ்வளவு விசையோடு இழுக்கும், தள்ளும் என்று எண்களாகச் சொல்லிக்கொடுத்துவிட்டால், அவை எப்படி அசையும் என்று அது கணக்குப் போட்டுக் காட்டும். நான் எடுத்துக்கொண்டது ரப்பர். எங்கள் மாவட்டத்தில் மேற்கே போனால் எங்கே திரும்பினாலும் ரப்பர் மரம். அந்தப் பாலில் உள்ள நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளின் நுனியில் கொஞ்சம் புரதம் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த நுனிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால்தான் இயற்கை ரப்பர் இழுக்க இழுக்க இறுகுகிறது என்பது என் ஊகம். அந்தப் பிடிப்பின் விசை எவ்வளவு என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. நானே கணக்கிட்டு, சரிபார்த்து, தப்பானதைத் தூக்கிப்போட்டு, மறுபடி கணக்கிட்டு ஓர் எண் தொகுப்பை உருவாக்கினேன். அந்த எண்கள்தான் என் ஆய்வு. ஆய்வேட்டில் மற்றதெல்லாம் பக்கம் நிரப்புவது.

அந்தச் சமயத்தில்தான் எனக்குக் குழித்துறைப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறான், அதுவும் இதே சிமுலேஷனில். பூதப்பாண்டியில் உரக்கடை வைத்திருக்கும் என் அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "ரெண்டு பேரும் ஒரே லைன்லா. ராத்திரி பேச விஷயம் இல்லாம முழிக்க வேண்டாம்" என்று உரம் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். ஆவணியில் நிச்சயம் முடிந்தது. மாப்பிள்ளைக்கு நீண்ட விடுமுறை கிடைப்பது சித்திரையில்தான் என்பதால் கல்யாணத்தைச் சித்திரைக்கு வைத்தார்கள். நடுவில் இருந்த மாதங்களிலும் அதற்குப் பிறகும் எனக்கு நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

நிச்சயமான பெண்ணிடம் மாப்பிள்ளை போனில் என்ன பேசுவான் என்று என் சிநேகிதிகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சாப்பிட்டாயா, என்ன நிறப் புடவை, ஒரு போட்டோ அனுப்பு. என்னிடம் அவன் மூன்றாவது போனிலேயே கேட்டது, "வீட்டுல ஒரு டெஸ்க்டாப் சும்மா கெடக்கு. நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ளதாக்கும். அதுல நம்ம சாஃப்ட்வேர் போட்டுத் தர முடியுமா? அங்க ஓட விட்டுட்டு நான் இங்கேருந்து பாத்துக்குவேன்." நம்ம சாஃப்ட்வேர் என்றான். அந்த 'நம்ம'வில் நான் விழுந்தேன். சிமுலேஷனில் டாக்டர் பட்டம் வாங்கியவனுக்கு அதை நிறுவத் தெரியாதா என்ற சந்தேகம் எனக்கு வரவே இல்லை. வந்திருந்தால், தெரியாது என்பது அப்போதே தெரிந்திருக்கும். அவன் ஆயுள் முழுக்க யாரோ நிறுவிக் கொடுத்ததில் பொத்தானை அழுத்தியவன்.

அப்பாவோடு பஸ்ஸில் குழித்துறைக்குப் போய், அங்கிருந்து ஆட்டோவில் அவர்கள் வீட்டு வாசலில் இறங்கினேன். அவன் அம்மா வாசல் கேட் அருகிலேயே கையை நீட்டித் தடுத்தாள்.

"மக்களே, நீ உள்ள ஏறப்பிடாது கேட்டியா. கல்யாணத்தன்னைக்கு விளக்கும் பிடிச்சு வலது கால வச்சு ஏறினாத்தான் குடும்பத்துக்கு ஐஸ்வரியம். அதுக்கு முந்தி ஏறினா தோஷம்."

இது அங்கே உள்ள வழக்கம்தான். எனக்கும் தெரியும். "அப்போ கம்ப்யூட்டர எங்க வீட்டுக்குக் கொண்டு போயி போட்டுத் தாறேன்" என்றேன்.

"அய்யோ, மாப்பிள வீட்டுச் சாமானம் கல்யாணத்துக்கு முந்தி பொண்ணு வீட்டுக்குப் போகப்பிடாது. அதுவும் தோஷம். நான் எல்லாம் வெளிய எடுத்து வச்சிருக்கேன், பயப்படாத."

எடுத்துத்தான் வைத்திருந்தாள். கார் ஷெட்டில், காருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் மேசை, அதன்மேல் கம்ப்யூட்டர், வீட்டு ஜன்னல் வழியாக வந்த ஒரு எக்ஸ்டென்ஷன் வயர். அப்பா சம்பந்தி என்பதால் உள்ளே அழைத்துப் போனாள். அவருக்கு ஹாலில் ஃபேனுக்குக் கீழே சாயாவும் ஏத்தங்காய் வற்றலும் கிடைத்தன. நான் ஷெட்டில் உட்கார்ந்து விண்டோஸோடு மல்லுக்கட்டினேன்.

இந்த மாதிரி மென்பொருள்கள் லினக்ஸுக்காகப் பிறந்தவை. விண்டோஸில் அவற்றை ஓட்ட வேண்டுமென்றால் விண்டோஸுக்குள்ளேயே ஒரு சின்ன லினக்ஸைக் குடியமர்த்த வேண்டும். அதற்கு முதலில் கம்ப்யூட்டரின் அடிமட்டத்தில் ஓர் அனுமதியைத் திறக்க வேண்டும். திறந்தால் கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி ஏற்ற வேண்டும். ஏற்றினால் இரண்டு வருஷ அப்டேட் எல்லாம் சேர்ந்து வந்து உட்கார்ந்துகொள்ளும். அது முடிந்து மென்பொருளை இறக்கினால், வைரஸ் தடுப்பான் அதைத் திருடன் என்று நினைத்து அழித்துவிடும். அவன் தன் பெயருக்கும் இனிஷியலுக்கும் நடுவே இடைவெளி விட்டு ஃபோல்டருக்குப் பெயர் வைத்திருந்தான். அந்த இடைவெளியைத் தாண்ட முடியாமல் பாதி நிறுவல்கள் செத்துப்போயின. எல்லாவற்றையும் வேறு ஃபோல்டருக்கு மாற்றினேன். நடுவில் கரண்ட் போனது. முதலிலிருந்து தொடங்கினேன்.

மதிலுக்கு அப்பால் நின்ற பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள், "ஆராக்கும் அது ஷெட்டுல?"

"மருமவளாக்கும். கம்ப்யூட்டரு நன்னாக்க வந்திருக்கா" என்றாள் அவன் அம்மா. ரிப்பேர் பார்க்க வந்தவள் என்ற அந்தச் சொல்லில் ஏளனம் இருந்ததாக எனக்கு அப்போது படவில்லை. மருமவள் என்று சொன்னாளே என்று சந்தோஷப்பட்டேன். எவ்வளவு பெரிய கழுதை நான்.

பாத்ரூம் போக வேண்டும் என்று கேட்டபோது அவள் தோட்டத்துப் பக்கம் கையைக் காட்டினாள். தேங்காய் வெட்ட வருகிறவர்களுக்கும் ரப்பர் வெட்ட வருகிறவர்களுக்கும் கட்டி விட்டிருந்த ஒரு கக்கூஸ், தகரக் கதவு, தாழ்ப்பாள் கிடையாது. ஒரு கையால் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஹாலிலிருந்து அப்பா சிரிக்கும் சத்தம் கேட்டது. அவர்கள் வீட்டில் மூன்று பாத்ரூம் இருப்பதாக அவள்தான் பெண் பார்க்க வந்தபோது எங்கள் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நிறுவி முடித்தால் சோதித்துப் பார்க்க வேண்டும். மென்பொருளோடேயே சின்னச் சின்னச் சோதனைக் கணக்குகள் வரும். அவற்றை ஓட்டி, வர வேண்டிய விடை வருகிறதா என்று பார்ப்பேன். எல்லாம் சரியாக வந்தது. அவனுக்கு வீடியோ காலில் காட்டினேன்.

"இது பிள்ளைங்க விளையாட்டு கேட்டியா. பாரம் தாங்குதான்னு எப்பிடித் தெரியும்? உன்னோட ரப்பர ஏத்தி ஓட்டு" என்றான்.

ஏற்றினேன். என் சங்கிலிகள், என் நுனிகள், என் எண்கள். கட்டிக்கொள்ளப் போகிறவன் கேட்கிறான், தரமாட்டேன் என்று சொல்ல எந்தப் பெண்ணுக்கு வாய் வரும்? திரையில் சங்கிலிகள் அசைந்தன. நுனியில் உள்ள புரதத்துக்கு நான் எப்போதும் அரக்கு நிறம் கொடுப்பேன், என் நிச்சயப் புடவையும் அதே நிறம்தான். "அந்த அரக்குக் கலரு எதுக்கு?" என்று கேட்டான். சொன்னேன். "இந்த எண்ணு எங்கேருந்து கிடைச்சுது?" என்று கேட்டான். அதையும் சொன்னேன். அப்புறம் தினமும் சாயங்காலம் போனில் கேட்டுக்கொண்டே இருந்தான், நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். என் வேலையை இவ்வளவு ஆசையாக என்னிடம் யாரும் கேட்டதில்லை. எனக்கு ஆய்வு வழிகாட்டியான கைடுகூட ஆய்வேட்டின் தலைப்பை இரண்டு தடவை தப்பாகச் சொல்லியிருக்கிறார். போனை வைத்த பிறகும் முகத்தில் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். மற்றவர்களுக்குப் புடவை நிறம், எனக்கு இது என்று நினைத்துக்கொண்டேன். அது காதல் என்றே நினைத்தேன்.

அடுத்தது லினக்ஸ். அவனுடைய பல்கலைக்கழகத்துப் பெரிய கணினிக் கூட்டத்தில் அதையே நிறுவ வேண்டும் என்றான். பாஸ்வேர்டைக் கொடுத்தான். எங்கள் கல்லூரி லேபில் உட்கார்ந்தபடி ஐரோப்பாவுக்குள் நுழைந்தேன். லினக்ஸ்தானே, சுலபம் என்று நினைப்பார்கள். அங்கே நமக்கு அட்மின் உரிமை கிடையாது. வாடகை வீட்டில் ஆணி அடிக்க உரிமையாளரைக் கேட்பது மாதிரி ஒவ்வொன்றுக்கும் அனுமதி வேண்டும். அனுமதி கேட்டால் அவனுடைய பாஸ்வேர்டு என் கையில் இருப்பது தெரிந்துவிடும். அதனால் வேண்டிய துணை நிரல்கள் எல்லாவற்றையும் மூல நிரலிலிருந்து ஒவ்வொன்றாகக் கட்டி, அவனுக்கென்று ஒதுக்கிய மூலைக்குள்ளேயே அடுக்கினேன். ஒன்று இன்னொன்றைக் கேட்கும், அது பழைய பதிப்பாக இருக்கும், புதியதைப் போட்டால் முதலாவது மறுக்கும். என் சொந்த அத்தியாயம் மேசையில் அப்படியே கிடந்தது. "மாப்பிள்ளைக்கு வேல பாத்தது போதும், எனக்கு எப்ப அத்தியாயம் தருவ?" என்று கைடு கேட்டார். வெட்கப்பட்டுச் சிரித்தேன்.

அங்கேயும் என் ரப்பரைத்தான் ஓட்டிப் பார்த்தான். விடையில் கடைசி தசமங்கள் விண்டோஸில் வந்ததோடு ஒத்துப்போகவில்லை என்று பதறிப்போய்க் கூப்பிட்டான். எண்களை எந்த வரிசையில் கூட்டுகிறது என்பது கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் மாறும், அதனால் கடைசி தசமங்கள் ஆடும், சராசரிகள் ஒத்துப்போனால் போதும் என்று விளக்கினேன். "நீ இல்லேன்னா நான் என்ன செய்வேன்?" என்றான். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் சுற்றினேன்.

தை மாதம் கோயில் கொடைத் திருவிழாவுக்குச் சின்ன விடுமுறையில் வந்தான். வரும்போது புது மேக் லேப்டாப் கொண்டுவந்தான். மறுபடியும் கார் ஷெட். இந்தத் தடவை அவனும் இருந்தான், ஆனால் ஷெட்டில் இல்லை. வீட்டு முன்பக்கச் சிட் அவுட்டில் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தான். அவன் அம்மா, "கல்யாணத்துக்கு முந்தி பக்கத்துல பக்கத்துல இருந்தா ஆளுக ஒரு மாதிரி பறயும்" என்று சொல்லியிருந்தாள். நான் மேக்கோடு ஷெட்டில், அவன் ஊஞ்சலில் காலை ஆட்டிக்கொண்டு. அங்கிருந்து இங்கே கூவிப் பேசினோம்.

மேக்குக்கு வேறு விதமான அகங்காரம். நமக்கு இவரைத் தெரியாது என்று சொல்லி எதையும் திறக்கவிடாது. ஒவ்வொரு கோப்புக்கும் செட்டிங்கில் போய்க் கெஞ்ச வேண்டும். புது வகை சிப், பழைய பதிப்பு எதுவும் அதில் ஓடாது. நிரலைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மொழிக்கு மாற்றும் கம்பைலர் என்று பெயர் போட்டு ஒன்று உட்கார்ந்திருக்கும், கூப்பிட்டால் வேறு ஒன்று எழுந்து வரும். என் போன் ஹாட்ஸ்பாட்டில் ஜிபி ஜிபியாக இறக்கினேன். வீட்டில் வைஃபை இருந்தது. பாஸ்வேர்டு கேட்டபோது அவன் அம்மா அது அவளுக்குத் தெரியாது என்றாள். ஊஞ்சலில் இருந்தவன் போனில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தான்.

மழை பெய்தது. ஷெட்டின் தகர ஓட்டை வழியாக ஒழுகியது. அவன் அம்மா குடையோடு ஓடி வந்தாள். எனக்கு என்று நினைத்து எழுந்தேன். மேக்கைக் குடைக்குள் எடுத்துக்கொண்டு, "நனஞ்சிரப்பிடாது, லட்ச ரூவா சாமானம்" என்று உள்ளே போய்விட்டாள். மழை விட்டதும் கொண்டுவந்து தந்தாள். ஈரத் துணியோடு மீதியை முடித்தேன். மேக்கிலும் என் ரப்பர் ஓடியது. மூன்று இயங்குதளம், ஒரே சராசரி. ஊஞ்சலிலிருந்து கைதட்டினான்.

பங்குனியில் அவன் அம்மா அப்பாவுக்குப் போன் செய்தாள். அப்பா ஸ்பீக்கரில் போட்டார், கல்யாண மண்டப விஷயம் என்று நினைத்து.

"அண்ணாச்சி, ஒண்ணும் தப்பா நினைக்கப்பிடாது. ஊருல ஒரு மாதிரி பேசுகாங்க. பொண்ணு கல்யாணத்துக்கு முந்தியே மாப்பிள வீட்டுக்கு வந்தும் போயும் இருந்தா எங்களுக்குக் கொறச்சலில்லியா? மாமன்மாருக்குச் சம்மதமில்ல."

அப்பாவுக்கு வாய் குழறியது. "நீங்கதான விளிச்சிய? உள்ள ஏறக்கூட இல்லியே என் பிள்ள!"

"நாங்க விளிச்சது மெஷினு நன்னாக்க. வரப்பிடாதுன்னு பிள்ளைக்குல்லா தோணணும்?"

போனை வைத்துவிட்டாள். நான் அவனுக்குக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அன்றைக்கே பல்கலைக்கழகத்து பாஸ்வேர்டும் மாறியிருந்தது. நிறுவத் தெரியாதவனுக்கு அதை மாற்ற மட்டும் தெரிந்திருந்தது. பிற்பாடு கேள்விப்பட்டோம், ஒரு டாக்டர் பெண்ணைப் பார்த்து முடித்துவிட்டார்களாம். என்னைக் கறிவேப்பிலையாக எடுத்துப்போட்டுவிட்டார்கள். ஒரு மாதம் அழுதேன். அதற்குப் பிறகு, போகட்டும், ஆய்வேடாவது இருக்கிறதே என்று உட்கார்ந்து எழுதினேன். எனக்கென்று மிஞ்சியது அதுதான். வேறு யாரும் செய்யாத வேலை, என் கையால் செய்தது, அதை எடுத்துக்கொண்டு போக யாராலும் முடியாது என்று நம்பினேன்.

சமர்ப்பிக்க இரண்டு அத்தியாயம் பாக்கி இருந்தபோது ஒரு வெளிநாட்டு ஜர்னலில் அந்தக் கட்டுரை வந்தது. இயற்கை ரப்பரின் நுனிப் பிணைப்பு. அவன் பெயர், அவனுடைய பேராசிரியர் பெயர், அவ்வளவுதான். என் எண்கள் அட்டவணையாக இருந்தன, ஒரு தசமம்கூட மாறாமல். படத்தில் நுனிகள் அரக்கு நிறத்தில் இருந்தன. திருடியவன் சாயம் மாற்றக்கூடச் சோம்பல்பட்டிருக்கிறான். கீழே ஒரு பத்தி, இந்த முடிவுகள் விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகிய மூன்று இயங்குதளங்களில் தனித்தனியாகச் சரிபார்க்கப்பட்டவை என்று. ஷெட்டில் நான் பட்ட பாடு முழுக்க அவனுக்கு ஒரு பத்தியாகப் பயன்பட்டிருந்தது. அந்தக் கணத்தில் அவன் எதிரில் நின்றிருந்தால் கொன்றிருப்பேன். சும்மா சொல்லவில்லை.

கட்டுரையை அச்செடுத்துக் கைடு மேசையில் வைத்தேன். என் கோப்புகளின் தேதிகள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன, புகார் எழுதலாம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீயா கொடுத்தியா, அவன் திருடினானா?"

"ஓட்டிப் பாக்கக் கொடுத்தேன் சார்."

"கொடுத்தேல்லா? அப்ப கொடுத்ததுதான். புகார் எழுதினா ஜர்னல்காரன் எதுக்குக் கொடுத்தன்னு கேப்பான். நிச்சயம் பண்ணின மாப்பிளன்னு எழுதணும். அது முறிஞ்சுதுன்னு எழுதணும். அந்தக் கோவத்துல இவ எழுதுகான்னு முடிச்சிருவான். போதாக்குறைக்கு அவன் பாஸ்வேர்டுல நீ உள்ள போயிருக்க. அதுக்கு நீதான் மாட்டுவ."

வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். என்னைப் பார்த்து என் அப்பா கும்பிட்டது அதுதான் முதல் தடவை. "விட்டிரு மக்களே. சம்மந்தம் நாமளாத்தான் வேண்டாம்னு சொன்னோம்னு எல்லாருட்டயும் சொல்லி வச்சிருக்கேன். இனி இதக் கிளறினா உனக்கு வேற எடம் வராது கேட்டியா." அவருக்கு என் எண்களைவிட என் இடம் பெரிது. அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, அவர் பாவம் என்பதும் தெரியும். இரண்டும் சேர்ந்தேதான் இருக்கின்றன.

பிறர் எழுத்தைக் காப்பியடித்திருக்கிறதா என்று பார்க்கும் பல்கலைக்கழக ஒப்புமைச் சோதனைக்கு ஆய்வேட்டை அனுப்பினார்கள். வந்த அறிக்கையில் என் நடு அத்தியாயம் முழுக்கச் சிவப்பு. என் எண்கள் அவனுடைய கட்டுரையிலிருந்து எடுக்கப்பட்டவை என்று அது சொன்னது. "ரெஃபரன்ஸ் கொடுத்துட்டாப் போதும், சிவப்பு போயிரும்" என்றார் கைடு. பல்லைக் கடித்துக்கொண்டு, இந்த வழிமுறை இன்னாருடைய ஆய்வைப் பின்பற்றியது என்று எழுதி அவன் கட்டுரையின் பெயரைச் சேர்த்தேன். சிவப்பு போயிற்று.

வாய்மொழித் தேர்வு நாளில் அப்பா எல்லோருக்கும் வடையும் மிக்சரும் சாயாவும் ஏற்பாடு செய்திருந்தார். பின்வரிசையில் வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்தார். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் நல்ல மனிதர். ஆய்வேட்டை ஒழுங்காகப் படித்திருந்தார், அதுவே அபூர்வம். நடு அத்தியாயத்தை எடுத்து வைத்துக்கொண்டு பேசினார்.

"அந்தக் கட்டுரையில வந்த எண்கள் இதுல அப்படியே வருது. ஒருத்தர் செஞ்சதை இன்னொருத்தர் இவ்வளவு நேர்த்தியா மறுபடி செஞ்சு நான் பார்த்ததில்ல. ரொம்ப சந்தோஷம். இந்த மென்பொருளை நிறுவுறதே பெரிய பாடு. அவர் மூணு சிஸ்டத்துல போட்டு ஓட்டியிருக்காரு, எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பாரு! நீங்க எப்படிம்மா போட்டீங்க? அவர்கிட்ட கேட்டீங்களா?"

நான் வாயைத் திறந்தேன். கைடு முந்திக்கொண்டார். "ஆமா சார். நம்ம மாவட்டத்துக்காரருதான் அவரு. அவருதான் ஹெல்ப் பண்ணினாரு."

"அதானே பார்த்தேன்" என்றார் தேர்வாளர். முன்பக்கங்களைப் புரட்டினார். "ஆனா நன்றியுரையில அவர் பேரு இல்லியே. அது முறையில்லம்மா. இறுதிப் பிரதியில சேர்த்துடுங்க. எனக்கு வேற திருத்தம் எதுவும் இல்ல."

எல்லோரும் கைதட்டினார்கள். அப்பா எழுந்து நின்று தட்டினார். என்னை டாக்டர் என்று கூப்பிட்டார்கள். வடையைக் கையில் கொடுத்தார்கள். தின்றேன்.

மறுநாள் லேபில் உட்கார்ந்து நன்றியுரையைத் திறந்தேன். அப்பாவின் பெயருக்கு அடுத்த வரியில் அவன் பெயரை அடித்து, பக்கத்தில் 'மென்பொருளை நிறுவுவதில் உதவியதற்காக' என்று சேர்த்தேன். ஆய்வேடு அந்த வரியோடுதான் நூலகத்தில் இருக்கிறது.